பழவேற்காட்டுத் தீவுகள்: வழியும் உடைமையும்

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறி உச்சியில் நின்று நோக்குவோர்க்கு நாற்புறமும் தோன்றுவன குன்றுகளும், ஏரிகளும், நெல் வயல்களும், கரும்புக் கொல்லைகளுமேயாம். கடல் தோன்றுவதில்லை. இத்தகைய உள்நாட்டு ஊரில் வளர்ச்சிப் பணியாற்றும் நாம் தீவுக் கிராமங்களைப் பற்றி எழுதப் புகுவது வாசகர்களுக்குச் சிறிது வியப்பளிக்கலாம். ஆயினும், திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கோடியில் திருத்தணி அமைந்திருப்பதைப் போலவே, கீழ்க்கோடியில் மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்த பழவேற்காடு அமைந்துள்ளது. இரண்டும் ஆந்திர எல்லையை ஒட்டியவை. ஒரே ஆட்சித் தலைவரின் கீழ்ப் பணியாற்றும் அலுவலர்கள் இங்குமங்கும் அனுப்பப்படுவது வழக்கம். அவ்வாறே ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வெள்ள நிவாரணக் கணக்கெடுப்புக்காக நாமும் அங்கு அனுப்பப்பட்டோம்.

எம்மிடம் கொடுக்கப்பட்டிருந்த படிவத்தில் 'சொத்து விவரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, வீட்டுக்குப் பட்டா உண்டா, கால்நடை எத்தனை என்பன அதன் உட்பிரிவுகள். நீரால் சூழப்பட்ட குடியிருப்பு ஒன்றில், மீனவர் ஒருவரின் வீட்டில் அமர்ந்து அதனை நிரப்பினோம். நிலம் இல்லை; வீட்டுக்குப் பட்டா இல்லை; மாடு இல்லை. 'ஏதுமில்லை' என எழுதினோம். அன்று மாலையே கரையோரத்து இருளர் குடியிருப்பில் மற்றொரு வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்டு, அதே விடையைப் பெற்று, 'ஏதுமில்லை' என்றே எழுதினோம். தாளில் இரு வீடுகளும் ஒன்றாகவே காட்சியளித்தன. புறப்படும் வேளையில் அந்த மீனவர், "ஐயா, எங்களுக்குப் பாடு உண்டே, அதை எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள்?" என்று கேட்டார். அப்போது நம்மிடம் விடை இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பழவேற்காடு ஏரி என்பது, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகப் பெரிய உப்புநீர் ஏரியாகும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோ மீட்டர் நீளமுடையது; வறண்ட காலத்தில் 250 சதுர கிலோ மீட்டராகச் சுருங்கியும், மழைக்காலத்தில் 450 சதுர கிலோ மீட்டராக விரிந்தும் காணப்படுவது. இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. தெற்கே உள்ள சிறுபகுதியே நம் மாநிலத்திற்கு உரியது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு நீண்ட மதில்போல் கிடக்கிறது. ஆந்திரப் பகுதியில் இருக்கம், வேணாடு ஆகிய தீவுகளும், நம் பகுதியில் பசியாவரம் முதலிய குடியிருப்புகளும் நீரால் சூழப்பட்டவை. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகிறது. இவ்விரு நீரும் கலக்கும் அளவைப் பொறுத்தே இறாலும் மீனும் பெருகுவதும் குறைவதும். ஏரி பரந்ததேயன்றி ஆழமானதன்று. பல இடங்களில் இடுப்பளவு நீர்கூட இராது.

இந்த ஆழமின்மையே தீவு மக்களின் பிரயாணத்தை ஆளுகின்றது. நம் பக்கத்துக் கிராமங்களில் சாலை என்றால் அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். மழையில் சேறாகும், வெயிலில் காயும், அவ்வளவே. தீவுக்கோ வழி என்பது நாள்தோறும் மாறுவது. நீர் ஏறியிருக்கும்போது இயந்திரப் படகு நேராகச் செல்லும். நீர் வற்றினால் இயந்திரத்தின் சுழல்விசிறி சேற்றில் புதையும். அதனை மேலே தூக்கிவிட்டுக் கழியூன்றித் தள்ளவேண்டும். அதுவும் இயலாதபோது ஆண்கள் இறங்கிப் படகை இழுப்பர். கரையை அடைய இத்தனை நிமிடம் ஆகும் என எவரும் உறுதி கூறுவதில்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணை நள்ளிரவில் ஏற்றிச் செல்லும் குடும்பத்தினர் முதலில் பார்ப்பது கடிகாரத்தையன்று, நீர்மட்டத்தைத்தான். நியாய விலைக் கடையின் அரிசி மூட்டையும், தேர்தல் நாளில் வாக்குப்பதிவு இயந்திரமும், பள்ளி ஆசிரியரும் இதே வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஸ்ரீஹரிக்கோட்டையில் ஏவுகலம் ஏவப்படும் நாள்களில் கடலுக்குச் செல்வதற்குத் தடை விதிக்கப்படும். அன்றைய வருவாய் அன்றோடு போயிற்று.

முற்காலத்தில் இவ்வழி இத்துணை ஒதுக்கமாக இருந்ததில்லை. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கு ஜெல்திரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையில் தங்களுடைய தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். பின்னர், 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய் படிப்படியாக வடக்கே நீட்டப்பட்டு இந்த ஏரியையும் இணைத்தது. 1876-78-ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தெற்கே தோண்டப்பட்ட பகுதியுடன் சேர்ந்து, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என அழைக்கப்படலாயிற்று. ஸ்ரீஹரிக்கோட்டையின் விறகு அதன் வழியே படகுகளில் சென்னையின் அடுப்புகளுக்குச் சென்றது. இரயிலும் லாரியும் வந்தன, புயல்கள் கரைகளை அழித்தன, கால்வாய் தூர்ந்தது. ஆகவே, நாம் 'ஒதுக்குப்புறம்' என இன்று எழுதும் இடம், வழி தூர்ந்தமையால் ஒதுக்குப்புறமான இடமேயாகும்.

கலங்கரை விளக்கக் குப்பத்திற்குப் பாலம் அமைந்தபின் அந்தப் பக்கத்து மணற்றிட்டு மக்களின் வாழ்வு வெகுவாக மாறியது. பசியாவரம் பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் பாலப் பணி 2020-களில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பாலம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, இங்கு உல்லாசப் பயணமாக வந்தோரின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்ட செய்தியை மாவட்டத்தில் பலரும் மறந்திரார். படகில் எத்தனை பேர் ஏறலாம், மிதவைச் சட்டை உண்டா என்று கேட்பது அதற்குப் பிறகே பரவலாயிற்று. ஆனால், பாலம் மனிதரைக் கரை சேர்க்குமேயன்றி ஏரிக்குள் மீனைக் கொணராது. மீன் வருவதற்குரிய பாலம் முகத்துவாரம். அஃது அடைபட்டால் நீர் நாற்றமெடுக்கும், வேனிலில் உவர்ப்பு மிகும், இறாற்குஞ்சு உள்ளே வாராது. சிலிகா ஏரியும் இவ்வாறே நலிந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்டபின் மீன்வளம் மீண்டது. அழிவை நோக்கிச் செல்லும் நீர்நிலைகளின் உலகப் பட்டியலில் 1993-இல் சேர்க்கப்பட்ட சிலிகா, 2002-இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. பழவேற்காட்டு முகத்துவாரத்தையும் நிலையாகத் திறந்து வைப்பதற்கான பணியை நம் மாநில அரசு மேற்கொண்டது.

குடிநீர் பற்றியும் ஒரு சொல். உப்புநீர் சூழ்ந்த மணற்றிட்டில் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறுவதைக் கண்டு நாம் முதலில் வியந்தோம். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் எண்ணெய் மிதப்பதைப்போல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் தங்கும் என்பது நிலத்தடி நீர் நூலார் கூறும் கணக்கு. இதன் மறுபக்கம் அச்சந்தருவது: மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரும். எனவே, திருத்தணிப் பக்கத்தில் நாம் பெருமையுடன் அமைக்கும் ஆழ்குழாய்க் கிணறும் விசைப்பம்பும் இங்கே ஊரைக் கெடுக்கும். பெண்கள் மணலூற்றில் சிரட்டையால் மெல்ல முகந்து குடத்தை நிரப்புவது அறியாமையால் அன்று.

இனி அந்த மீனவரின் கேள்விக்கு வருவோம். பாடு என்பது யாது?

திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்து உழவர்க்கு இதனை விளக்குவது எளிது. ஏரியில் நீர் குறைந்த காலத்தில் ஆயக்கட்டுதாரர் அனைவரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் ஒருவர்க்கும் பயன்படாது. ஆகவே முறை வைத்து, நீர்க்கட்டி இன்ன நாளில் இன்னார் வயலுக்கு என்று நீரைப் பிரித்து விடுகிறார். பழவேற்காட்டில் அந்த முறையே நீரின்மேல் நடக்கிறது. ஏரியில் இறால் மிகுதியாகச் செல்லும் ஓடைகளும் வாய்ப்பகுதிகளும் சிலவே. அவ்விடங்களில் கழிகளை நட்டுச் சுத்து வலை கட்டுவதற்கு எல்லாக் குழுக்களும் ஒரே இரவில் போட்டியிட்டால் சண்டையே விளையும். எனவே, இடங்களை வரையறுத்து, குழுக்களுக்குள் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன குழுவிற்கு இன்ன இடம் என்று முறை வகுத்துக் கொண்டனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் நெடுங்காலமாக இம்முறையை நடத்தி வருபவர்கள். ஊரில் தலைக்கட்டாகப் பதிவு பெற்றவர்க்கே சீட்டில் இடம் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தே கணக்கையும் தகராற்றையும் கவனிக்கிறது. நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்திற்குச் செல்வார். சுமாரான இடத்தில் இருந்தவர் நல்ல இடத்திற்கு வருவார். எவருக்கும் எந்த இடமும் நிலையாகச் சொந்தமன்று, முறைதான் சொந்தம்.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதனை ஒத்த ஏற்பாடு உண்டு. அங்கே இரவில் கடலை நோக்கிச் செல்லும் இறாலை 'கட்டுதெல்' என்னும் நாட்டு வலையால் பிடிக்கும் உரிமை நான்கு சங்கங்களுக்குள் சீட்டு மூலம் பகிரப்படுகிறது. அதனை அந்நாட்டு அரசின் மீன்பிடி விதிகளே ஏற்றுக் கொண்டுள்ளன. பழவேற்காட்டுப் பாட்டுக்கோ ஊர்க்கட்டுப்பாடே ஆதாரம்.

ஆயக்கட்டு முறைக்கும் பாட்டு முறைக்கும் ஒரு பெரும் வேறுபாடு இருக்கிறது. நீர் முறை நிலத்தோடு ஒட்டியது. நிலத்திற்குச் சர்வே எண்ணும் சிட்டாவும் அடங்கலும் இருப்பதால், முறையும் தானே நிலைபெறுகிறது. பாடு மனிதரோடு ஒட்டியது; அதற்குத் தாள் இல்லை. தாள் இல்லாத உரிமை சட்டத்தின் முன் எவ்வாறு நிற்கும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. சிலிகா ஏரியில் பாரிகுட் ஜமீன்தாரிடம் பணம் கொடுத்து மீன்பிடி உரிமை பெற்றிருந்த சிலர், ஜமீன் ஒழிப்புக்குப்பின் அவ்வுரிமை மறுக்கப்படவே உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 'ஆனந்த பெகரா எதிர் ஒரிசா அரசு' எனப்படும் அவ்வழக்கில் 1955-இல் வந்த தீர்ப்பு இருவகையில் கருதத்தக்கது. பிறருடைய நீரில் இறங்கி மீனைப் பிடித்துக்கொண்டு செல்லும் உரிமை, வெறும் அனுமதியன்று. நிலத்தில் உள்ள உரிமையைப் போன்றே அசையாச் சொத்தைச் சார்ந்தது என்று நீதிமன்றம் கூறியது. அவ்வாறு கூறியதனாலேயே வழக்காடியவர்கள் தோற்றனர். ஏனெனில், அசையாச் சொத்தாயின் அதனை எழுத்தில், பதிவு செய்த பத்திரத்தின் மூலமே பெற்றிருக்க வேண்டும். அவர்களோ வாய்மொழியாகப் பெற்றிருந்தனர்.

எனவே, 'ஏதுமில்லை' என்று நாம் எழுதிய அந்த வீட்டில் சட்டமே சொத்து என ஒப்பக்கூடிய வகையைச் சேர்ந்த ஒன்று இருந்தது. ஆனால் எவ்வேட்டிலும் இல்லை. நிவாரணமோ இழப்பீடோ வழங்கும்போது அரசு ஏட்டைப் பார்த்துத்தான் வழங்கும். வலையும் படகும் கண்ணுக்குத் தெரிவதால் அவை எழுதப்படுகின்றன. முகத்துவாரம் அடைபட்டோ, வேலை ஏதேனும் நடக்கும் காலத்திலோ ஒரு பருவம் முழுதும் பாடு இழந்தால் அதை எழுதுவார் இல்லை.

இதனால் பாட்டை அப்படியே பட்டாவாக்கிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அந்த இருளர் வீட்டை நினைத்தால் அவ்வாறு கூற மனம் வராது. அவ்வீட்டுப் பெண்கள் வலையும் படகும் இன்றி, சேற்றில் அமர்ந்து, கைகளால் துழாவி இறால் பிடிப்பவர்கள். பனையோலையால் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, பிடித்த இறாலை அதனுள் இடுகின்றனர்; இரு கைகளும் நீருக்குள்ளேயே இருக்கின்றன. "முழங்காலளவு தண்ணீர் நின்றால் எங்களுக்குச் சோறு உண்டு" என்றார் அங்கிருந்த மூதாட்டி ஒருவர். பாட்டில் இவர்களுக்கு இடமில்லை. பாடு ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் ஆண் தலைக்கட்டுகளுக்கு உரியது. அச்சமூகத்திலும் பெண்கள் பெயரால் இல்லை. தனக்குள் நியாயமாகப் பங்கிட்டுக் கொள்ளும் முறை, வெளியிலிருப்பவர்க்குக் கதவாகவும் இருக்கிறது. இன்று பாட்டை மட்டும் ஏட்டில் ஏற்றினால், கதவுக்குப் பூட்டும் போட்டதாகும். முறை உள்ளவர் யார் என்பதோடு, அந்நீரில் உண்மையில் இறங்கிப் பிழைப்பவர் யார் என்பதையும் எழுதுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

எல்லைச் சிக்கலும் இதில் சேருகிறது. திருத்தணி வாசகர்க்கு எல்லை புதிதன்று. படாஸ்கர் அவர்களின் பரிந்துரையின்படி, கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோரின் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் நோக்கி எல்லை திருத்தப்பட்டு, 1-4-1960 அன்று சித்தூர் மாவட்டத்தின் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. இங்கே எல்லைக்குக் கல் நட முடிந்தது. ஏரியின் நடுவே செல்லும் எல்லைக்கு அது முடியாது. மீனோ மொழி அறியாது. காற்றில் படகும் நகர்கிறது. இரு மாநில மீனவர்க்கும் அவ்வப்போது மூளும் தகராறுகளின் வேர் இதுவே. மேலும், ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-இலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பூநாரைகளுக்கு அது நன்மையே. ஆனால், சரணாலயத்துக்குள் பாலமோ சாலையோ கட்ட வனவிலங்கு வாரியத்தின் இசைவு தேவைப்படுகிறது. உள்ளே வாழும் மக்களின் உரிமைகள் இன்னவை என்று வரையறுத்துத் தீர்ப்பது நெடுநாள் வேலையாகிவிட்டது.

இங்குதான் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பயன்படுகிறது. மலைவாழ் மக்களுக்கும் காட்டு மரத்திற்கும் மட்டுமே உரிய சட்டம் என்று நம் அலுவலர்களில் பலர் எண்ணியிருக்கின்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அச்சட்டம் 'வன நிலம்' என்பதில் சரணாலயங்களையும் சேர்க்கிறது. அதன் 3-ஆம் பிரிவு, நீர்நிலைகளில் மீன் முதலியவற்றைப் பெறும் சமூக உரிமையை வெளிப்படையாகக் கூறுகிறது. இருளர் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். எனவே இவ்வுரிமையைக் கோரலாம். பழங்குடியினர் அல்லாதார் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்து அதனைச் சார்ந்திருந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். கோரிக்கை தொடங்குமிடம் நம் அலுவலகமன்று, கிராம சபையே. சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு விசாரித்து, சபை தீர்மானித்து, கோட்ட அளவுக் குழுவின் வழியாக, ஆட்சித் தலைவரின் தலைமையில் உள்ள மாவட்டக் குழுவிற்குச் செல்லும். சிலிகா வழக்கில் பத்திரம் இல்லாமையால் உரிமை போயிற்று. இச்சட்டத்தின் விதிகளோ, உரிமை கோருபவர் அல்லாத மூத்தோரின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதனையும் சான்றாக ஏற்கின்றன. அந்த மூதாட்டியைப் போன்றோரின் சொல் அங்கே ஆவணமாகும்.

ஒன்றை மட்டும் உடன்பணியாளர்க்குச் சொல்வோம். வன உரிமைக்கான கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும் என 2012-இல் விதி திருத்தப்பட்டது. கரையில் சபையைக் கூட்டிவிட்டு, 'போதிய வருகை இல்லை' என்று பதிந்து கலைப்பது எளிது. தீவிலேயே, நீர் ஏறியுள்ள நேரம் பார்த்து, வலை கட்டும் மாலைப்பொழுதையும் இறால் தேடும் நேரத்தையும் தவிர்த்துக் கூட்டுதல் வேண்டும். நேரத்தை முடிவு செய்யுமுன் படகோட்டியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம்.

நாம் நிரப்பிய படிவங்களைத் திருத்துவதற்காக மறுமுறை சென்றபோது அந்த ஆலோசனையை நாமே பின்பற்றவில்லை. நண்பகலில் துறையை அடைந்தோம், நீர் வற்றியிருந்தது. படகோட்டி வானத்தையும் சேற்றையும் பார்த்துவிட்டு, "நாளைக் காலை வாருங்கள் ஐயா" என்று கூறி வீட்டுக்குப் போய்விட்டார். இரவு கரையிலே தங்கி மறுநாள் கடந்து, இரண்டு வீடுகளின் படிவத்திலும் கட்டத்திற்கு வெளியே ஓரத்தில், ஒன்றில் 'பாடு உண்டு' என்றும், மற்றொன்றில் 'கைப்பிடி இறால், நாள்தோறும், பெண்கள் மூவர்' என்றும் எழுதினோம். பயணப்படிப் பட்டியலில் ஓர் இரவு தங்கியதற்குக் காரணம் 'நீர் போதவில்லை' என்று குறித்திருந்தோம். மழைக்காலத்தில் நீர் எவ்வாறு போதாமற்போகும் என்று தணிக்கைக் குறிப்பு வந்தது. விளக்கம் அனுப்பியிருக்கிறோம்.